உப்புக் கேட்டால் கோபித்துக்கொள்ளாத ஊர்

மணிலா,
செப்டம்பர், மழை ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,



போனில் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க மீன் கிடைக்காலே?" 7,641 தீவுகள் என்று எண்ணிக் கணக்கு வைத்திருக்கும் நாட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? தூத்துக்குடிக்காரியைப் பார்த்து உங்கள் ஊரில் உப்பு கிடைக்குமா என்று கேட்பதுபோல இருக்கிறது. மீன் கிடைக்கிறது, குவியல் குவியலாக. கிடைக்காதது குழம்பு. இதை விளக்குவதற்குள் அத்தான் போனைப் பிடுங்கி, "மாப்ளே, டாலர் என்ன ரேட்டு?" என்று ஆரம்பித்துவிட்டார். இங்கே டாலர் இல்லை அத்தான், பெசோ, ஒரு பெசோ நம் காசுக்கு ஒன்றரை ரூபாய் பக்கம் வரும் என்றேன். அவருக்கு என்மேல் இருந்த மரியாதை பாதியாக இறங்கியது லைனிலேயே கேட்டது. அதனால்தான் கடிதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் பெரியப்பா ஒரு கும்பிடு போடுவார், சித்தப்பா ஒரு ரோஜாப்பூ போடுவார், ஒருத்தரும் படிக்க மாட்டார்கள்.

எங்கள் அலுவலகம் இருப்பது ஒர்த்திகாஸ் என்ற பகுதியில். ராத்திரி முழுக்க விளக்கு எரியும் கண்ணாடிக் கட்டடங்கள். அமெரிக்காக்காரன் பகலில் போனை எடுத்துத் திட்ட வேண்டுமென்றால் இங்கே ஒருத்தர் ராத்திரியில் விழித்திருந்து அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா, அந்த வியாபாரம். என் பக்கத்து மேசையில் இருப்பவர் என்னைவிட மூத்த பெண்மணி. மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இங்கேயும் மரியாதை இல்லை. "ஆத்தே" என்று சொல்ல வேண்டும், அக்கா என்பதற்கு. மூத்தவன் "குயா". ஹோட்டலில் தண்ணீர் கொண்டுவரும் பெண்ணும் ஆத்தே, வாசலில் குடை வாங்கி வைக்கும் செக்யூரிட்டியும் குயா. உனக்குப் போட்டியாக எனக்கு இந்த ஊரில் லட்சக்கணக்கில் அக்காள்கள் இருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இனிமேல் போனில் குரலை உயர்த்து.

அந்த ஆத்தே, நான் சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் குடும்பத்தோடு என்னையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். பாசிக் நகரத்தில் காப்பித்தோல்யோ என்று ஒரு வட்டாரம், வீட்டுக்கு வீடு சாப்பாட்டுக் கடை. அதில் ஒன்று, புளிப்பு மீன் சூப்புக்குப் பேர்போனது. சூப்பின் பெயர் சினிகாங். ஜீப்னியில் போனோம். முன்னால் இருக்கும் டிரைவருக்குக் காசு கொடுக்க, கடைசியில் உட்கார்ந்திருப்பவன் பக்கத்து ஆளிடம் கொடுப்பான். காசு கை மாறி மாறி முன்னே போய், மீதிச் சில்லறை அதே வழியில் கை மாறி வந்து சேரும். ஒரு நாணயம்கூடக் குறையவில்லை. நம் ஊர் மினி பஸ்ஸில் இதைச் செய்து பார்க்கலாம் என்று அத்தானிடம் சொல், முதலில் அவருடைய காசை வைத்து.

கடை பெரிய ஆடம்பரமில்லை. மர மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஏசி, அது போதாது என்று தெரிந்து நான்கு மின்விசிறி. சுவரோரம் கை கழுவும் தொட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது, காரணம் பிறகு சொல்கிறேன். வெளியே புயல் மழை. இவர்கள் கடல் எல்லைக்குள் வருஷத்துக்குச் சராசரியாக 20 புயல் வருகிறது. நம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்களே, அதேபோல இங்கே ஒன்று முதல் ஐந்து வரை எண் சொல்வார்கள். ஒன்றாம் எண் என்றால் ஒருத்தரும் அலட்டிக்கொள்வதில்லை. மழை வந்தால் சினிகாங் சாப்பிடுவது என்று ஒரு வழக்கம், அதற்கு ஒன்றாம் எண் வசதி. உள்ளேயோ கிறிஸ்துமஸ் பாட்டு. ஆமாம், செப்டம்பரில். மாதத்தின் பெயர் ஆங்கிலத்தில் "பர்" என்று முடிந்தாலே இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பிறந்துவிடும். ஹோசே மாரி சான் என்று ஒரு பாடகர். 1990-ல் அவர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் ஆல்பம் செப்டம்பர் முதல் தேதி எழுந்தால் ஜனவரியில்தான் படுக்கும்.

இப்போது கதையின் நாயகி. ஆத்தேயின் அம்மா, எல்லோருக்கும் "லோலா", அதாவது பாட்டி. ஐந்தடிக்குக் குறைவான உயரம், பூப்போட்ட கவுன், கையில் விசிறி. நம் தெரு முனை அந்தோணியம்மாள் பாட்டி மீன்காரியிடம் செவுளைப் பிரித்துக் காட்டச் சொல்லி அழ வைப்பாரே, அவரைப் போலவே இவருக்கும் உணவு விஷயத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது. மெனு அட்டையை லோலா திறக்கவே இல்லை. பரிமாறும் பையனைப் பக்கத்தில் அழைத்து விசாரணையைத் தொடங்கினார்.

முதல் விசாரணை, என்ன மீன். பன்றி, இறால், மாடு எல்லாவற்றிலும் சினிகாங் உண்டு. இந்தக் கடைக்கு மீன்தான். மாயா-மாயா என்று சிவப்பு மீனின் தலை இருந்தது, நம் சங்கரா ஜாதி. அதை ஜப்பான்காரர்களின் சோயா விழுது போட்டுக் கடுகுக்கீரையோடு வைப்பார்களாம். லாப்பு-லாப்பு இருந்தது. அது நம் களவா. 1521-ல் கடலோடி மகெல்லனை மக்தான் தீவில் வெட்டிச் சாய்த்த படையின் தலைவன் பெயர் லாப்புலாப்பு. அந்த வீரனுக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள், களவா மீனுக்கும் அதே பெயர்தான். நம் பக்கம் கட்டபொம்மன் பெயரை ஊளி மீனுக்கு வைத்துப் பார், பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வேன் பிடித்து வந்துவிடுவார்கள். கடைசியில் லோலா தீர்ப்புச் சொன்னது பங்குஸ். நம் பக்கம் பால்கெண்டை என்பார்கள். நம் வீட்டு வாசல்படியை அது மிதித்ததாக எனக்கு நினைவில்லை, ஆனால் இங்கே ராஜா. வடக்கே தாகுபான் என்ற ஊரில் குளம் கட்டி வளர்க்கிறார்கள், அந்த ஊர்ப் பங்குஸுக்குத் தனி மவுசு. அதற்குத் திருவிழாவே எடுக்கிறார்கள்.

இரண்டாவது விசாரணைதான் முக்கியம். "புளிப்புக்கு என்ன போட்டிருக்கிறாய்?"

அக்கா, நமக்குப் புளி என்றால் புளி. பழைய புளியா புதுப் புளியா என்பதோடு விவாதம் முடிந்தது. மாங்காய் சீசனில் இரண்டு துண்டு மாங்காய் போட்டால் பெரிய புரட்சி. இவர்கள் காரத்தைப் பற்றிக் கவலையே படாமல், நாம் மிளகாய்க்குச் செலவழிக்கிற மூளையையும் சேர்த்துப் புளிப்புக்கே செலவழித்திருக்கிறார்கள். முதலாவது சம்பாலோக், நம் புளியங்காய்தான். பழுத்த புளி இல்லை, பச்சைக் காய். வேகவைத்து மசித்து வடிகட்டி ஊற்றுவார்கள். காமியாஸ், அது நம் ஆத்தூர்ச் சித்தி வீட்டுக் கொல்லையில் யாரும் சீந்தாமல் உதிர்ந்து கிடக்குமே பிலிம்பிக்காய், அது. பச்சை மாங்காய் உண்டு. கலமன்சி என்று கோலிக்குண்டு அளவில் ஓர் எலுமிச்சை. சான்டோல் என்றொரு பழம். தெற்கே நெக்ரோஸ், இலோய்லோ பக்கம் பத்துவான் என்ற காய், நம் குடம்புளிக்குப் பங்காளி முறை. இவ்வளவும் போதாது என்று பழுத்த கொய்யா! கொய்யாவைப் போட்டு மீன் சூப் வைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மற்றக் குடும்பங்கள் அவர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. ஆத்தே கொய்யாக் கட்சி, கணவர் வீட்டுப் பழக்கம். லோலா புளியங்காய்க் கட்சி. இருபது வருஷத்துக் கல்யாணத்தில் இந்த ஒரு விஷயத்தில் சமரசம் ஆகவில்லை என்று மருமகன் என் காதில் சொன்னார். அவர் எந்தக் கட்சி என்று கேட்டேன். யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்தக் கட்சியாம். நம் அத்தானுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் கடையில் விற்கும் புளித்தூள் பொட்டலம் என்று ஒன்று இருக்கிறது. பாதி மணிலா அதைக் கிழித்துக் கொட்டித்தான் சினிகாங் வைக்கிறது. லோலாவின் அகராதியில் அது சமையலே இல்லை, மருந்து கலக்குவது. "பொட்டலமா, காயா?" என்று பையனைக் கேட்டார். பையன் வாயைத் திறக்கவில்லை, இரண்டு புருவத்தையும் மேலே தூக்கி இறக்கினான். நான் திடுக்கிட்டேன், ஒரு கிழவியிடம் இப்படியா என்று. இங்கே புருவம் தூக்கினால் ஆமாம் என்று அர்த்தமாம். எதற்கு ஆமாம்? பொட்டலத்துக்கா, காய்க்கா? லோலாவும் அதையே கேட்டார். மறுபடியும் புருவம். கடைசியில் சமையலறையிலிருந்து வெந்த புளியங்காய் ஒன்றைத் தட்டில் வைத்துச் சாட்சியாகக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் ஆர்டர் எழுதப்பட்டது.

சட்டி வந்தது. மண்சட்டி, அதில் உனக்குக் குறை இருக்காது. உள்ளே எட்டிப் பார்த்திருந்தால்தான் நீ மயங்கி விழுந்திருப்பாய். மஞ்சள் இல்லை, மிளகாய்த்தூள் இல்லை, மல்லி இல்லை, தேங்காய் இல்லை, தாளிதம் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் மிதக்கவில்லை. கலங்கலான தண்ணீர். அதில் முள்ளங்கி, கத்திரிக்காய், வெண்டைக்காய், முழம் முழமாக நீளும் காராமணி, சேப்பங்கிழங்கு, தக்காளி, காங்கோங் என்னும் வள்ளைக்கீரை. நடுவில் பங்குஸ் துண்டுகள். ஒரே ஒரு நீளப் பச்சை மிளகாய், கீறாமல் முழுசாக, வந்த இடத்தில் வம்பு வேண்டாம் என்று ஓரமாகப் படுத்திருந்தது. "ரசத்துக்குள்ள மீன் தவறி விழுந்துட்டாலே" என்று நீ சொல்வது எனக்கு இங்கே கேட்டது.

ஆனால் அக்கா, அந்தக் கலங்கல் தண்ணீர் எது தெரியுமா? அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர். அம்மா புளிக்குழம்புக்கு எடுத்து வைப்பாளே, அதேதான். அதைக் கொதிக்கவிட்டு வெங்காயம், தக்காளி, சேப்பங்கிழங்கு போட்டு, கிழங்கு கரைந்து கொஞ்சம் கெட்டிப்பட்டதும் மற்றக் காய்களைப் போட்டு, மசித்த புளியங்காய்ச் சாற்றை ஊற்றி, மீனைக் கடைசியில் இறக்கி, கீரையைப் போட்ட கையோடு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மீனுக்கு நல்ல யோகம். நம் குழம்பில் மீன் மசாலாவின் தயவில் வாழ்கிறது. பழைய மீனைக்கூட நீ மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்துக் கரையேற்றிவிடுவாய். இங்கே ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. காலையில் பிடித்த மீனா, முந்தாநாள் மீனா என்று முதல் கரண்டியில் தெரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் இவர்கள் நம்மைவிடத் துணிச்சல்காரர்கள் என்பது என் அபிப்பிராயம். கடிதத்தைக் கிழிக்காதே, மேலே படி.

லோலா முதல் கரண்டியை உறிஞ்சினார். ஒரு கண் தானாக மூடியது, தோள் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. மேசையே மூச்சுவிட்டது. அந்தச் சிலிர்ப்புதான் இங்கே ஐ.எஸ்.ஐ. முத்திரை. எனக்கும் அதே நடந்தது. காது மடலுக்குப் பின்னால் ஒரு கூச்சம், பிறகு தொண்டையில் இதமான சூடு, அதற்குப் பிறகு பசி, ஏற்கெனவே இருந்ததைவிடப் பெரிதாக. பழம்புளியின் கனம் இல்லை, பச்சையான வெட்டுப் புளிப்பு. எல்லாம் சரி, உப்பு குறைவு. நன்றாகவே குறைவு. வாயைத் திறக்கவில்லை நான். நம் வீட்டுப் பிள்ளை உப்புக் கேட்குமா? கல்யாணமான புதிதில் அத்தான் உன்னிடம், "உப்பு கொஞ்சம் எடு" என்று கேட்டுவிட்டுப் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? உப்பளத்து ஊரில் பிறந்தவளைப் பார்த்து உப்புக் குறைவு என்றால் அது குடும்பத்துக்கே வந்த பழி. மீன் குழம்பு முப்பது நிமிஷம் கொதித்தது, உன் முகம் மூன்று நாள் கொதித்தது.

லோலா என் தயக்கத்தைப் பார்த்துவிட்டார். உதட்டைக் குவித்து மேசையின் வலது பக்கம் நீட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வயதில் எதற்கு இப்படி என்று கொஞ்சம் பயந்தும் போனேன். இங்கே விரலால் சுட்டுவதில்லை, உதட்டால் சுட்டுவார்கள். உதடு போன திசையில் பார்த்தால் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் பாத்திஸ், அதாவது மீனை உப்பில் ஊறவைத்து இறக்கிய சாறு. ஒன்றில் பாதியாக வெட்டிய கலமன்சி. ஒன்றில் ஊசி முனை அளவு சிவப்பு மிளகாய், பேர் லாபுயோ, அளவைப் பார்த்து ஏமாறக்கூடாத சாதி. இந்தக் கிண்ணங்களுக்குப் பொதுப் பெயர் சவ்சவான். அவரவர் தட்டில் பாத்திஸ் ஊற்றி, மிளகாயை நசுக்கி, கலமன்சி பிழிந்து, மீனை அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். மேசையில் ஆறு பேர் இருந்தோம், ஆறு விதமாகக் கலந்தோம். சமைத்தவனைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு இது பெரிய அதிசயமாகப் பட்டது. நம் சமையலறையில் உப்பின் கடைசித் தீர்ப்பு சமைத்தவளுடையது. இலையில் ஓரமாக வைக்கும் உப்புகூட அலங்காரத்துக்குத்தான், தொட்டால் ஒரு பார்வை கிடைக்கும். இங்கே சமைக்கிறவர் வேண்டுமென்றே கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறார். மீதியைச் சாப்பிடுகிறவர் சமைத்துக்கொள்ள வேண்டும். டொரீன் ஃபெர்னாண்டஸ் என்று ஒரு பேராசிரியை, 2002-ல் காலமானார். பிலிப்பைன்ஸ் சாப்பாட்டைப் பற்றி இவர்கள் நாட்டில் மதிப்போடு படிக்கப்படும் எழுத்து அவருடையது. இந்த மக்களின் நாக்கை எடுத்துக்காட்ட ஒரே ஒரு பண்டத்தைச் சொல்லச் சொன்னால் எது என்று கேட்டுக்கொண்டு, மற்றப் பண்டங்களை எல்லாம் தள்ளிவைத்துவிட்டுச் சினிகாங்கைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டுரை எழுதினார். கரையோரத்துக்காரனுக்கு மீன், மலைப்பக்கத்தானுக்கு இறைச்சி, கொல்லையில் எது புளிக்கிறதோ அது புளி. காசுக்காரனும் வைக்கலாம், இல்லாதவனும் வைக்கலாம். மகா சாமர்த்தியமான பண்டம் அக்கா இது. எவனும் இதைத் தப்பாக வைத்துவிட்டதாகச் சொல்லவே முடியாது. லோலா சொல்வார் என்பது வேறு.

இந்த ஊர்ச் சாப்பாட்டில் நமக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. ஆத்தே குடும்பத்துக்குப் பக்கத்து ஊரான கைந்தாவில் வீடு. அங்கே சில பேரைப் பார்த்தால் நம் ஏரலில் பார்த்த முகமாகவே இருக்கும். 1762-ல் ஸ்பெயின்காரர்களிடமிருந்து மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர் கப்பல் ஏறியது நம் மெட்ராஸிலிருந்துதான். மெட்ராஸ் சிப்பாய்களையும் ஏற்றி வந்தார்கள். 1764-ல் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது சிப்பாய்களில் ஒரு பகுதிக்குத் திரும்பிப் போக மனமில்லை. கைந்தாவில் தங்கி, பெண்ணெடுத்து, பிள்ளை பெற்று, ஊரோடு கலந்துவிட்டார்கள். ஊருக்கு ஒரு கடிதம் போட்டார்களா என்று தெரியாது. போட்டிருந்தால் அதிலும் குழம்பு கிடைக்கவில்லை என்றுதான் இருந்திருக்கும். காரே-காரே என்று ஒரு பண்டம், மாட்டு வாலும் வேர்க்கடலை விழுதும் வாழைப்பூவும் கத்திரிக்காயும். அது அந்தச் சிப்பாய்கள் கறி வைக்கப் பார்த்ததில் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. வேறு கதைகளும் உண்டு. அதையும் ஆர்டர் செய்திருந்தார்கள். (நான் கத்திரிக்காயை மட்டும்தான் தொட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவை.) சொன்னால் நம்ப மாட்டாய், அதிலும் உப்பு இல்லை! பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கூனிப்பொடி ஊறலை, பகோஓங் என்பார்கள், தனியாக வைக்கிறார்கள்; அதைத் தொட்டுக்கொண்டால்தான் ருசி. மெட்ராஸ் சிப்பாயின் கறியாகவே இருந்தாலும், இந்த ஊரில் குடியேறிய பிறகு உப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும்.

பங்குஸின் முள்ளைப் பற்றி எழுதாவிட்டால் பாவம் வரும். ஏறக்குறைய 200 முள் என்று கணக்குச் சொல்கிறார்கள். சந்தையில் பெண்கள் இடுக்கியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி முள்ளில்லாத மீனாக விற்பார்கள், அதற்கு விலை கூட. லோலாவுக்கு அது பிடிக்காது. முள்ளை எடுத்த மீன் ருசியையும் எடுத்துக் கொடுத்துவிடும் என்பது சித்தாந்தம். இவர்கள் சாப்பிடுவது வலது கையில் ஸ்பூன், இடது கையில் முள்கரண்டி. கரண்டியால் தள்ளி ஸ்பூனில் ஏற்றுவார்கள். இரண்டு இரும்பை வைத்துக்கொண்டு 200 முள்ளோடு மல்லுக்கட்ட நம்மால் ஆகுமா? கை கழுவும் தொட்டியை முதலிலேயே பார்த்து வைத்திருந்தேன் என்றேனே, எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்து, சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன். மேசையில் ஒரு நிமிஷம் அமைதி. பிறகு லோலா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தானும் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கையால் சாப்பிடுவது இவர்களுக்கும் பழைய வழக்கம்தானாம், வாழை இலை பரப்பி ஊர் கூடிச் சாப்பிடும்போது இப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று, இவர்கள் சாற்றைப் பிசைவதில்லை, விரல் நுனியால் சோற்றை அழுத்தி உருட்டுவார்கள். நான் பிசைந்ததைப் பேரப்பிள்ளைகள் படம் பிடித்துக்கொண்டார்கள்.

சோறு வருகிற அழகு வேறு. கிண்ணத்தைக் கவிழ்த்த அளவில் ஓர் உருண்டை. எங்கள் வீட்டில் இதைப் பூனைக்கு வைப்போம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இன்னொன்று கேட்டால் கொடுப்பார்கள், காசு தனி. சில கடைகளில் சோறு கேட்கக் கேட்க இலவசம், அங்கே இளவட்டங்களின் கூட்டம் அலைமோதும். இந்தக் கடையில் சாறுதான் கேட்கக் கேட்க இலவசம். இதன் பொருளாதாரம் எனக்கு விளங்கவில்லை, ஆனால் மூன்றாவது முறை சாறு கேட்டபோது பையனின் புருவம் முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறியது.

மீனின் வயிற்றுப் பகுதியை என் தட்டில் வைத்தார்கள். பங்குஸின் வயிறு வெண்ணெய். கறுப்புத் தோலோடு சேர்ந்து வாயில் கரையும். அதை விருந்தாளிக்குத்தான் கொடுப்பார்களாம். எந்தத் துண்டு யாருக்கு என்பது இங்கே விளையாட்டு விஷயமில்லை. இவர்கள் தேசத் தலைவர் ஹோசே ரிசால் 1887-ல் எழுதிய "நோலி மே தாங்கெரே" நாவலில் ஒரு விருந்து வரும். கோழி சூப் பரிமாறும்போது, தாமாசோ என்ற பாதிரியாருக்கு வெறும் கழுத்தும் இறக்கையும் வந்து சேர, விருந்துக்கு வந்த இளைஞனுக்கு நல்ல துண்டுகள் போகும். பாதிரியாருக்கு அப்போது ஏறுகிற கடுப்பு கதை நெடுக இறங்காது. ஸ்பெயின் ஆட்சியை ஆட்டிப் பார்த்த நாவல் அது. நம் வீட்டில் வாவல் தலைக்காக நீயும் நானும் போட்ட சண்டைகளை யாராவது எழுதியிருந்தால் நாமும் சரித்திரத்தில் இருந்திருப்போம்.

பில் வேண்டுமென்றால் வாயால் கேட்பதில்லை, இரண்டு கை விரல்களாலும் காற்றில் ஒரு சதுரம் வரைகிறார்கள். பில் வந்த பிறகுதான் லோலாவை ஏன் எந்த விருந்துக்கும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று புரிந்தது. இங்கே 60 வயது நிறைந்தவர்களுக்கு ஹோட்டலில் 20 சதவீதம் தள்ளுபடி, அதோடு 12 சதவீத வரியும் கிடையாது, சட்டமே இருக்கிறது. ஆனால் அவர் சாப்பிட்ட பங்குக்கு மட்டும். ஒரே சட்டியில் ஆறு பேர் சாப்பிட்டதில் லோலாவின் பங்கு எவ்வளவு? கல்லாப்பெண் மொத்தத்தை ஆறால் வகுத்து, ஒரு பங்கில் வரியைக் கழித்து, அதில் இருபது சதவீதத்தைக் கழித்து ஒரு தொகை சொன்னாள். லோலா அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, தான் இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டதாக வாதாடினார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். நான் புருவத்தைத் தூக்கி இறக்கினேன். அது எதற்கு ஆமாம் என்று கல்லாப்பெண்ணும் கேட்டாள். கடைசியில் ஹாலோ-ஹாலோ ஒரு கிண்ணம் கடைக்காரர் கணக்கில் வந்து வழக்கு தீர்ந்தது. துருவிய ஐஸ், பால், சிவப்புப் பயறு, ஊதா நிற வள்ளிக்கிழங்கு விழுது, மேலே ஒரு துண்டு முட்டைப் புட்டிங். நன்றாக இருந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூட்டம் மொத்தமும் என் அறைக்கு மீன் குழம்பு சாப்பிட வருகிறது. லோலாதான் தானாகவே தேதி குறித்தார். சீலா இங்கே கிடைக்கிறது, தானிகே என்பார்கள், விலை கொஞ்சம் கடி. பால்கெண்டை மலிவு, ஆனால் அது நம் மசாலாவில் நிற்குமா, குழைந்துவிடுமா? தேங்காய் தாராளம், சின்ன வெங்காயம் கிடைக்கிறது, முருங்கைக்காய் தேட வேண்டும். இவர்கள் கீரையைச் சாப்பிடுகிறார்கள், காயை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆறு பேருக்கு எத்தனை மிளகாய் என்று உன் கணக்கைச் சொல், நான் அதில் பாதி போடுகிறேன். உப்பும் குறைத்தே போடப்போகிறேன், பாத்திஸும் கலமன்சியும் மேசையில் வைக்கப்போகிறேன். வைக்காவிட்டால் லோலா தன் கைப்பையிலிருந்து எடுத்து ஊற்றுவார். உன் குழம்பில் மீன் சாறா என்று நீ அங்கே குதிப்பது தெரிகிறது. சனிக்கிழமைக்குள் பதில் சொல். அத்தான் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடு.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உன் சமையலைப் பற்றி நான் அளந்ததைக் கேட்டு, லோலா உனக்கு ஓர் அன்பளிப்புக் கொடுத்திருக்கிறார், இந்தக் கடிதத்தோடேயே அனுப்புகிறேன். சினிகாங் புளித்தூள் பொட்டலம், இரண்டு. பொட்டலமா என்று கேட்டேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது போதுமாம்.